நான் போனில் அழுதாலும் நம்பாதே

தளவாய்புரம்,
மார்கழி, வெள்ளிக்கிழமை இரவு.

அன்புள்ள யுவராணி அக்காவுக்கு,

அம்மா சொல்லச் சொல்லத் தங்கை செல்வலட்சுமி எழுதுவது. இங்கே அம்மா நலம், அப்பா நலம், நான் நலம். புனே குளிரில் நீயும் மாரிக்கனி அக்காவும் சளி, காய்ச்சல் இல்லாமல் நலமாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கு ஏற்றும்போது கும்பிடுகிறாள். எல்லாக் கடிதத்திலும் முதலில் வருகிற வரிதானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதே அக்கா, திரும்ப ஒரு தரம் படி. அம்மா நலம். அம்மாவுக்கு நெஞ்சு வலி இல்லை, கட்டி இல்லை, ஆபரேசன் எதுவும் இல்லை. இன்று மத்தியானம் ரேசன் அரிசி மூட்டையைத் தானே இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள், வந்து உட்கார்ந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். இதை ஏன் இப்படிச் சத்தியம் செய்கிற மாதிரி எழுதுகிறேன் என்றால், போகிப் பண்டிகைக்கு முந்தின வாரம் நான் உனக்குப் போன் செய்வேன், அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், பிழைப்பாளோ மாட்டாளோ, உடனே புறப்பட்டு வா என்று அழுவேன். அது என் குரல்தான். அழுகையும் என் அழுகைதான், ஏனென்றால் அந்த நேரம் பயத்தில் எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிடும். ஆனாலும் நம்பாதே. டிக்கெட் எடுக்காதே. வராதே.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தங்கப்பாண்டியன் பெரியப்பா வந்திருந்தார். கறிக்குழம்பு வைத்து அம்மா பரிமாறினாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவின கையோடு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "ஏட்டி செல்வி, ஒங்க அக்காவுக்கு நீன்னா உசுரு. நீ ஒரு ரெண்டு நிமிசம் போன்ல அழுதாப் போதும், மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். நீ மதுரையில் இறங்கினதும் வேனில் ஏற்றி நேரே அவர் தோட்டத்து வீட்டுக்குக் கொண்டு போவதாம், தை பிறந்த முதல் முகூர்த்தத்தில் குலதெய்வம் கோயிலில் வைத்துத் தாலி கட்டுவதாம். மாப்பிள்ளை வன்னியம்பட்டி, ராம்கி என்று பெயர், போலீஸ் வேலை. அந்தப் பையனிடம் உன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, பெண் கம்பெனி வேலையில் இருக்கிறாள், கொஞ்சம் பிடிவாதக்காரி என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்கள். அம்மா அதைக் கேட்டுவிட்டு ராத்திரி என்னிடம், "அவனும் ஒரு ஆத்தா பெத்த பிள்ளதான, அவனையும் சேத்துக் கெணத்துல தள்ளப் பாக்காக" என்று சொன்னாள். பெரியப்பா அன்றைக்கே என்னை அழுது காட்டச் சொன்னார் அக்கா. எனக்கு வரவில்லை, மூக்கை உறிஞ்சினேன். "இது சளி பிடிச்ச மாரி இருக்கு, இன்னும் கொஞ்சம் நல்லா அழுட்டி" என்கிறார். அப்புறம் அம்மாவை உள் அறையில் படுக்க வைத்து, நெற்றியில் ஈரத்துண்டைப் போட்டு, அப்பா போனில் ஒரு போட்டோ எடுத்தார்கள். பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் இருந்து ஒரு குளுக்கோஸ் பாட்டிலை வாங்கி வந்து ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார் பெரியப்பா. "கண்ண மூடு வெள்ளத்தாயி, சிரிக்காத" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அம்மா சிரிக்கவில்லையாம், பயத்தில் அவளுக்கு உதடு அப்படிக் கோணிக்கொண்டதாம். எடுத்து முடித்ததும் எழுந்து துண்டை உதறிவிட்டு, "காப்பி போடட்டுமா" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் போட்டோ உனக்கு வரும். பார்த்ததும் பதறாதே, பாட்டிலில் இருந்து வரும் குழாய் எங்கே போகிறது என்று பார். தலையணைக்கு அடியில் போகிறது.

நீ கேட்பாய், பக்கத்து வீட்டு போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று. வீட்டில் இப்போது ஒரே போன்தான், அது அப்பா சட்டைப்பையில். தெருவில் யார் போனில் பேசினாலும் இருட்டுவதற்குள் அது பெரியப்பா காதுக்குப் போய்விடும், எல்லாம் சொந்தம்தானே. பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் மெயில் அனுப்புகிறேன் என்று சொன்னேன், அதற்கு அம்மா, "நாளைக்குப் போன்லயும் நீ பேசுவ, அதுலயும் நீயே எழுதுவ, அவ எதட்டி நம்புவா? என் கையெழுத்து இருந்தாத்தான் நம்புவா" என்கிறாள். அவள் சொல்வது சரிதான். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும் என்பதும், சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்விட்டதால் அதற்கு மேல் எழுத வராது என்பதும், அவள் போடுகிற 'வெ' எப்படி வயிறு பெருத்து இருக்கும் என்பதும் உனக்குத் தெரியும். கடைசியில் அவளே கையெழுத்துப் போடுவாள். அப்பா முன் அறையில் கட்டிலில் படுத்திருக்கிறார். அம்மா தையல் மிசினை ஓட்டிக்கொண்டே சொல்கிறாள், மிசின் சத்தத்தில் எங்கள் பேச்சு வெளியே போகாது. நூல் அறுந்து மிசின் நின்றால் நானும் நின்றுவிடுவேன், நோட்டின் மேல் ஒரு நைட்டித் துணியை இழுத்துப் போட்டுக்கொள்வேன். அதனால்தான் எழுத்து இப்படி விட்டு விட்டு இருக்கிறது, மன்னித்துக்கொள். பொங்கல் சீசன் என்று அம்மாவுக்கு நைட்டி ஆர்டர் நிறைய, அதனால் ராத்திரி மிசின் ஓடினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இந்தக் கடிதத்தை ஒரு நைட்டியின் பைக்குள் வைத்துத் தைத்து, பார்சல் கட்டி, நாளைக்கு ராஜபாளையம் டியூசனுக்குப் போகும்போது நான் கூரியரில் போட வேண்டும். உன் முகவரி அம்மாவின் ஊசி டப்பாவில், பட்டன்களுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

சித்திரையில் நீ வந்து அம்மாவிடம் உன்னையும் மாரிக்கனி அக்காவையும் பற்றிச் சொல்லிவிட்டு, அப்பா போட்ட சத்தத்தில் விடியுமுன்பே பையைத் தூக்கிக்கொண்டு போனாயே, அதற்குப் பிறகு அம்மா ரொம்ப நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. உன் மேல் கோபம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆடி மாதத்தில் ஒரு நாள் நைட்டிக்குக் கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "ஏட்டி, நீ படிக்கிற புள்ளதான. இவள மாரி இருந்தவ எவளாச்சும் வயசாகி, நல்லபடியா இருந்து செத்திருக்காளா?" என்று கேட்டாள். அம்மாவுக்குப் பயம் அதுதான் அக்கா. நீ பாவம் செய்துவிட்டாய் என்றெல்லாம் இல்லை. வயதான காலத்தில் யாருமில்லாமல் தண்ணீர் கேட்டால் கொடுக்க ஆள் இல்லாமல் கிடப்பாயோ என்பதுதான். நான் யாரிடம் போய்க் கேட்பேன்? பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வகுப்பில் பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தேடினேன். தேடிவிட்டு அழித்துவிடுவேன், அழித்தது அழிந்ததா என்று மறுபடி பார்ப்பேன். ஞானபாக்கியம் டீச்சர் பின்னால் வந்து நின்றால் பாடப் பக்கத்தைத் திறந்துவிடுவேன். அப்படி ஒவ்வொருத்தராகக் கண்டுபிடித்து, ராத்திரி மிசின் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குச் சொன்னேன். அந்தக் காலத்து ஆட்கள் தங்களுக்கு இந்தப் பெயர்தான் என்று சொல்லிக்கொண்டார்களா என்பது எனக்குத் தெரியாது, ஆனால் ஒரு பெண்ணோடு வாழ்ந்த பெண்கள் என்பது தெரிகிறது, அம்மாவுக்கு வேண்டியதும் அதுதான்.

முதலில் சொன்னது ரோசா பொனேர் என்று பிரான்சில் இருந்த ஒரு ஓவியர். ஆடு, மாடு, குதிரை என்று மிருகங்களாக வரைந்து பெரிய பேர் வாங்கினவர். குதிரைச் சந்தைக்குள் நின்று வரைய வேண்டும் என்று பேண்ட் போட்டுக்கொண்டு போவாராம், அந்தக் காலத்தில் அங்கே பெண்கள் பேண்ட் போடக் கூடாதாம், அதற்குப் போலீசில் எழுத்து மூலமாக அனுமதி வாங்கி வைத்திருந்தாராம். நதாலி என்று ஒரு தோழியோடு சின்ன வயதில் இருந்து, நதாலி சாகிற வரை, ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். அம்மா மிசினை நிறுத்திவிட்டாள். "எம்புட்டு வயசுல செத்தா?" என்று கேட்டாள். எழுபத்தேழு என்றேன். "சாப்பாடெல்லாம் யாரு ஆக்குனா?" என்று கேட்டாள். நதாலியின் அம்மாதான் கூடவே இருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டார்களாம் என்றேன். அது நிஜமாகவே அப்படித்தான் போட்டிருந்தது. அம்மா மறுபடி மிசினை ஓட்டிக்கொண்டே, "கூடவே இருந்தாளா... அவ மகராசி" என்றாள். ரோசா பொனேர் என்று அம்மாவுக்கு வாயில் வரவில்லை, அன்றில் இருந்து அவர் குதிரைக்காரி ஆகிவிட்டார். எல்லாருக்கும் அம்மா இப்படி ஒரு பெயர் வைத்திருக்கிறாள். அமெரிக்காவில் இருந்து ராக்கெட்டில் போன சாலி ரைடு என்பவர் ஆகாசக்காரி. அவர் இன்னொரு பெண்ணோடு இருபத்தேழு வருசம் சேர்ந்து வாழ்ந்தார், அது வெளியே தெரிந்ததே அவர் இறந்த பிறகுதான் என்று சொன்னபோது அம்மாவுக்கு ரொம்பக் கஷ்டமாகப் போயிற்று. "அம்புட்டு ஒசரம் போனவளுக்கே ஊருக்குப் பயமா?" என்றாள். பிறகு, "சாகும்போது அந்தப் புள்ள பக்கத்துல இருந்தாளா, அதச் சொல்லு மொதல்ல" என்று கேட்டாள். இருந்தார் என்றேன். ஐஸ்லாந்து என்று ஒரு நாட்டில் யோகன்னா என்பவர், முதலில் விமானத்தில் பணிப்பெண்ணாக இருந்தவர், பிரதம மந்திரியே ஆகிவிட்டார், பதவியில் இருக்கும்போதே தன்னோடு வாழ்ந்த பெண்ணைச் சட்டப்படி கல்யாணமும் செய்துகொண்டார் என்று சொன்னேன். அம்மா நம்பவே இல்லை. "நாட்டையே ஆண்டாளா? ஏட்டி, அந்த ஊர்ல பெரியப்பன் ஒருத்தனும் கெடையாதா?" என்று கேட்டாள் பார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் துணியை வாயில் வைத்துக்கொண்டேன்.

நல்ல செய்தி மட்டும் சொல்லவில்லை அக்கா. ஒடிசாவில் தூத்தி சந்த் என்று ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறவர், நெசவாளி வீட்டுப் பெண், தன் ஊர்ப் பெண் ஒருத்தியோடு வாழ விரும்புவதாக வெளிப்படையாகச் சொன்னார், அதை வீட்டில் ஏற்றுக்கொள்ளவில்லை என்று செய்தியில் இருந்தது, அதையும் சொன்னேன். மத்தியப் பிரதேசத்தில் ரொம்ப வருசத்துக்கு முன்னால், நாம் இரண்டு பேரும் பிறப்பதற்கு முன்பு, போலீஸ் வேலையில் இருந்த இரண்டு பெண்கள் மாலை மாற்றிக்கொண்டார்கள், அதற்காக வேலையில் இருந்து நீக்கிவிட்டார்கள் என்பதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து அதையும் சொல்லிவிட்டேன். அம்மா, "பொறவு?" என்றாள். பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். "தெரியலைன்னா தேடிப் பாரு. ரெண்டு பொம்பளப் புள்ளைகள இப்படி நடுவுல விட்டுட்டா எப்படி" என்று என்னைத்தான் திட்டினாள். அவர்கள் நம் தெருவில் காணாமல் போன மாதிரி ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். இப்போதெல்லாம் இரண்டு பேர் சேர்ந்து வாழ்வது குற்றம் இல்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது என்றேன். அதற்கு அம்மா, "கோர்ட்டு டெல்லியில இருக்கு, ஒங்க பெரியப்பா அடுத்த தெருவுல இருக்காக" என்றாள். அதனால்தான் சொல்கிறோம், அங்கே புனேயில் நீங்கள் இருக்கிற பகுதி போலீஸ் ஸ்டேசனில், எனக்கு வயது வந்துவிட்டது, என் விருப்பப்படிதான் இங்கே இருக்கிறேன், யாரும் என்னைக் கடத்தவில்லை என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்து வை. உன் கம்பெனியிலும் மேலாளரிடம் சொல்லி வை. பெரியப்பா அங்கே ஆள் அனுப்பினாலும் அனுப்புவார்.

ஒரு நாள் உயிரே போய்விட்டது எனக்கு. அம்மா மிசினை நிறுத்தியதைக் கவனிக்காமல் நான் குதிரைக்காரி கதையை மறுபடி சொல்லிக்கொண்டிருந்தேன், அம்மாவுக்கு அது பிடிக்கும் என்று. முன் அறையில் இருந்து அப்பா, "யாருட்டி அது குதிரைக்காரி? எதுக்குப் போலீஸ் ஸ்டேசன் போனா?" என்று கேட்டார். அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "செட்டியார்பட்டிக்காரி, மூணு நைட்டி தைக்கக் குடுத்திருக்கா. அவுக வீட்டுல முன்னால குதிர வண்டி ஓட்டுனாகளாம். என்னமோ வண்டித் தகராறாம், அவளே நெஞ்ச நிமித்திப் போயிப் பேசி முடிச்சிட்டு வந்துட்டா" என்றாள். அப்பா போலீஸில் இருந்தவர் இல்லையா, "எந்த ஸ்டேசன்?" என்று கேட்டார் பார். அம்மா, "அதெல்லாம் நான் கேக்கல, அளவுதான் கேட்டேன்" என்றாள். அப்பா சரி என்று திரும்பிப் படுத்துவிட்டார். அன்றில் இருந்து அவர் அந்தப் பொம்பளையை நம்பிவிட்டார் அக்கா. சாப்பிடும்போது, "குதிரைக்காரி நைட்டிய வாங்கிட்டுப் போயிட்டாளா?" என்று விசாரிப்பார். பெரியப்பாவிடம் கூட ஒரு நாள், செட்டியார்பட்டியில் ஒருத்தி இருக்கிறாள், தைரியசாலி, தனியாக ஸ்டேசனுக்குப் போய் வந்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அம்மா ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறாள், நன்றாகக் கவனித்துப் படி. நாளைக்கு நிஜமாகவே அவளுக்கோ அப்பாவுக்கோ ஏதாவது ஆகிவிட்டால், நீ அதையும் பொய் என்று நினைத்து வராமல் இருந்துவிடக் கூடாது இல்லையா. அப்படி உண்மையிலேயே ஆபத்து என்றால் நான் போனில் பேசும்போது, குதிரைக்காரி துணி தைக்காமல் அப்படியே கிடக்கிறது என்று சொல்வேன். அப்பா பக்கத்தில் நின்றாலும் அவருக்கு அது ஒரு வாடிக்கைக்காரியின் துணி, அவ்வளவுதான். அந்தப் பேச்சு வந்தால் வா, ஆனால் தனியாக வராதே, மாரிக்கனி அக்காவோடும் இன்னும் நாலு பேரோடும் வா. அந்தப் பேச்சு வராவிட்டால் நான் எவ்வளவு அழுதாலும், அம்மா செத்தே போய்விட்டாள் என்று சொன்னாலும், வராதே. இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுத வேண்டாம், எழுதினால் நீ எனக்காகக் கிளம்பிவிடுவாய் என்று அம்மா தடுத்தாள். நான் எழுதுகிறேன், ஏனென்றால் பெரியப்பா எப்படியும் அதை உன்னிடம் சொல்லத்தான் போகிறார். அக்கா வராவிட்டால் தங்கச்சி பன்னிரண்டாவது படிக்க வேண்டுமா என்று யோசிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்காகவும் வராதே. பரீட்சைக்குப் பணம் கட்டியாகிவிட்டது, ஹால் டிக்கெட் ஞானபாக்கியம் டீச்சர் கையில்தான் வரும், அந்த டீச்சர் யாருக்கும் பயப்படுகிற ஆள் இல்லை. அம்மாவும், "இவ படிப்ப நிறுத்துனா நான் மிசின நிறுத்திருவேன், பொறவு பாப்போம் வீட்டுச் செலவ" என்கிறாள்.

அப்பாவைத் தப்பாக நினைக்காதே அக்கா. பெரியப்பா பேசும்போது தலையை ஆட்டுகிறார், ஆனால் தானாக ஒரு வார்த்தை சொல்வதில்லை. டீக்கடையில் சேதுபதி மாமா எல்லார் முன்னாலும், "என்ன சங்கிலிப்பாண்டி, மருமகன் வருதானா, மருமக வருதாளா?" என்று கேட்டாராம், அன்றில் இருந்து அப்பா டீக்கடைக்குப் போவதில்லை. வீட்டிலேயே காப்பி குடிக்கிறார். டிவி செய்தியில் மகாராஷ்டிராவில் மழை, வெள்ளம் என்று சொன்னால் மட்டும் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுகிறார், முடிந்ததும் குறைத்துவிடுகிறார். ஒன்றும் கேட்பதில்லை. அம்மா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், ஆனாலும் இந்த விசயத்தில் அவரை நம்ப முடியாது, அண்ணன் சொல்லைத் தட்ட மாட்டார் என்கிறாள். மற்றபடி ஊரில் இந்த வருசம் நல்ல மழை, கண்மாய் நிறைந்துவிட்டது, குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டு இன்னும் மூடவில்லை, அம்மாவுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கியாகிவிட்டது, ஊசியில் நூல் கோக்க இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை. அரைப் பரீட்சையில் நான் கணக்கில் கொஞ்சம் குறைவு, மற்றதில் நன்றாக வாங்கியிருக்கிறேன்.

பார்சலில் என்ன இருக்கிறது என்று சொல்லச் சொன்னாள். கட்டிக்கொடுத்த பிள்ளைக்குத்தானே அம்மா வீட்டில் இருந்து தலைப்பொங்கலுக்குப் படி என்று சீர் கொடுப்பார்கள். உனக்கும் இது தலைப்பொங்கல்தான், சித்திரையில்தானே வீட்டில் சொன்னாய், அதற்கு முந்தினதெல்லாம் கணக்கில் வராது என்று அம்மா சொல்லிவிட்டாள். பெரிய பானை வாங்கினால் எல்லாரும் கேட்பார்கள் என்று கைக்கு அடக்கமாக ஒரு பித்தளைப் பானை, வெல்லம், பச்சரிசி, கிழங்கு மஞ்சள், ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது வாங்கின பால்கோவா, இரண்டு பேருக்கும் அவளே தைத்த நைட்டி, இரண்டு சேலை. சேலை எடுத்த கதையைக் கேள். ராஜபாளையம் கடையில் தலைப்பொங்கல் படிக்கு என்று அம்மா சொல்லிவிட்டாள், கடைக்காரர் ஒரு சேலையை எடுத்து வைத்துவிட்டு, மாப்பிள்ளைக்கு எந்தக் கரை வேட்டி எடுக்கட்டும் என்று கேட்டார். அம்மா, "எங்க மாப்பிள்ளைக்கு வேட்டி ஆகாது, இன்னொரு சேலையே குடுங்க" என்றாள். கடைக்காரர் சிரித்து, "மாப்பிள்ள சேலையா கெட்டுவாரு?" என்றார். அம்மாவும் சிரித்துக்கொண்டே, "கெட்டுனா அழகாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். மாம்பழ மஞ்சள் உனக்கு, மயில் கழுத்துப் பச்சை மாரிக்கனி அக்காவுக்கு. அவர் நிறம் என்ன என்று தெரியாமல் குத்துமதிப்பாக எடுத்தது, பிடிக்காவிட்டால் நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் பொங்கல் அன்று இரண்டு பேரும் கட்டாயம் கட்ட வேண்டும். கேஸ் அடுப்பானாலும் பரவாயில்லை, கிழக்கே பார்த்து வைத்துப் பால் பொங்கவிட வேண்டும். சம்பளத்தை ஒருத்தருக்கு ஒருத்தர் மறைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கோபப்படக் கூடாது, ஒருத்தர் கத்தினால் இன்னொருத்தர் துணி துவைக்கப் போய்விட வேண்டும். மாரிக்கனி அக்காவுக்கு அம்மா இருக்கிறார்களா, அவர்களுக்குத் தெரியுமா, காலையில் முதலில் எழுந்து டீ போடுவது யார், நீ இன்னும் தலைக்கு எண்ணெய் வைக்காமல் திரிகிறாயா, இதற்கெல்லாம் பதில் வேண்டுமாம். எப்படிப் பதில் வரும் என்று கேட்டால், "பதில் எனக்கு மனசுக்குள்ளயே கேட்டுரும்" என்கிறாள். "எனக்கு இது முழுசாப் புரியலன்னும் எழுதுட்டி, பொய் சொல்லக் கூடாது. புரிஞ்சாத்தான் பிள்ளயா?" என்றும் சொன்னாள்.

நேரம் ஆகிவிட்டது, இன்னும் கொஞ்சத்தில் கோயிலில் மார்கழிப் பாட்டுப் போட்டுவிடுவார்கள், அப்பா எழுந்துவிடுவார். கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, நைட்டியை மட்டும் வைத்துக்கொள். உங்கள் இரண்டு பேருக்கும் நீண்ட ஆயுசும், கை நிறைய வேலையும், பேசிச் சிரிக்கத் தெம்பும் இருக்க வேண்டும், வயதான காலத்தில் ஒருத்தருக்கு ஒருத்தர் தண்ணீர் மோந்து கொடுக்கிற வரை சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசீர்வாதம். எனக்கும் அதேதான் ஆசை அக்கா. எப்படி முடிக்க என்று அம்மாவிடம் கேட்டேன். ஊரில் இருந்து பிள்ளைக்கு எழுதுகிற கடிதம் எல்லாம் சீக்கிரம் புறப்பட்டு வா என்றுதானே முடியும், இதில் வராதே என்றா முடிப்பது என்று கேட்டேன். அம்மா மிசினை நிறுத்திவிட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மதுரைக்கு அந்தப் பக்கம் அவள் எங்கேயும் போனதில்லை, ரயிலில் தனியாக ஏறினதில்லை, உனக்குத் தெரியும். அப்பாவுக்குக் கேட்காத குரலில், "நீ வராதன்னு எழுது. பங்குனியில ஒனக்குப் பரீச்ச முடியட்டும், ஒன்னையும் கூட்டிக்கிட்டு நான் வாரேன்னு எழுது" என்றாள்.

எழுதிவிட்டேன். கீழே அவளே கையெழுத்துப் போடுகிறாள்.

இப்படிக்கு,
யுவராணிக்கும் மாரிக்கனிக்கும் அம்மா,
வெள்ளத்தாய்